டிராஃப்ட் இல்லை, இதுவே ஃபைனல்

கரும்புக்கடை,
கோயமுத்தூர்.
4.7.2025, வெள்ளி

மாமன்னர் தமிழ்வேந்தன் அவர்களின் சமூகத்துக்கு,

நாமக்கல் சீமையில் பிளஸ் டூ என்னும் சிறைவாசம் அனுபவித்துவரும் வேந்தருக்கும், வேந்தருக்கு வரும் கடிதங்களை அவருக்கு முன்பே பிரித்துப் படித்துவிடும் வார்டன் அவர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை, ஆவாரம்பாளையம் கதிரேசன் இன்ஜினியரிங் ஒர்க்ஸின் சுழல் நாற்காலியில், சாஜித் ஆகிய நான் முறைப்படி அமர்ந்தேன். நாற்காலி கிரீச் என்று வாழ்த்தொலி எழுப்பியது. ஒரு சுற்றுச் சுற்றியது. சக்கரம் ஒன்று ஏற்கெனவே கழன்றுபோனதால் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அரியணை என்றால் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

அது உன் நாற்காலி என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கப்பா இத்தனை வருஷம் அடுத்தவங்க மெஷினுக்குக் கடைந்து கொடுத்தது போதும் என்று சொந்தமாகத் தேங்காய் உரிக்கும் மெஷின் பண்ணுகிறார் இல்லையா? அதில் சுற்றுகிற தண்டுக்கு ஒரு பேரிங். அந்த பேரிங் குடியிருக்க வார்ப்பிரும்பில் ஒரு கூடு. கடையில் கிடைப்பது எதுவும் பொருந்தவில்லையாம். ஃபவுண்டரியில் தனியாகச் சொல்லித்தான் வார்க்க வேண்டும். என்ன ரேட் ஆகும் என்று கேட்டு ஒரு கோரிக்கை தயார் செய்து அனுப்பினால், அவர்கள் கொட்டேஷன் கொடுப்பார்கள். அரசூர் பக்கத்து ஃபவுண்டரியில் இதை ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள். அதுவும் இங்கிலீஷில். உங்கப்பா இரும்போடு நன்றாகப் பேசுவார், இங்கிலீஷோடு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் டிப்ளமா படிக்கும் இந்த மேதைக்கு ஆள் அனுப்பினார்.

"காஸ்டிங் வேணும் கண்ணு, ஃபவுண்டரிக்கு அடிச்சுக் குடு" என்றார்.

"ஹீரோயின் யாருங்க மாமா?" என்றேன்.

கொட்டேஷன் வரும் முன்பே மண்டையில் கொட்டு வந்துவிட்டது.

இன்னொரு சந்தேகம். தோசை வார்க்கிறோம், இரும்பு வார்க்கிறோம். டன் கணக்கில் வார்ப்பவர்தான் வார்டனா? (வார்டன் சார், இது மரியாதையோடு கேட்டதுங்க.)

உன் போன கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். ஆல்வின் சொன்னான், ஆல்வின் சிரித்தான், ஆல்வின் கெமிஸ்ட்ரியில் புலி. என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடினேன். கவர் மேல் வந்திருந்தது. அதுவும் போஸ்ட்மேனுக்காக.

யார்ரா அந்த ஆல்வின்? எல்லாத்திலும் ஜெயிப்பவன் என்பதால் ஆல்-வின் என்றால், மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாம் ஆல்-அவுட்டா?

பதில் போடு. ஆல்வின் போடாத பதிலாகப் போடு.

இப்படிக்கு,
அரியணை ஏறிய
சாஜித்


விடுதி,
நாமக்கல்.
10.7.2025

அன்புள்ள சாஜித்,

நான் நலம். நீ அடங்காமல் இருப்பது தெரிகிறது, ஆகவே நீயும் நலம். உன் கடிதத்தை வார்டன் சார் என் கையில் கொடுத்து, "யாருப்பா இந்தப் பையன்?" என்று மட்டும் கேட்டார். சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு ரெண்டுக்கும் ஒரே முகம்.

ஆல்வின் சோமனூர்க்காரன். வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் ரகசியத்தைக் கூட ரெண்டு ரூம் தாண்டிக் கேட்கிற மாதிரிதான் சொல்வான். நான் இங்கே வந்த புதிதில் சோறு இறங்கவில்லை. யாரோடும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க, எனக்கும் இந்தச் சாம்பாருக்கும் வரப்புத் தகராறு. நீங்க கொஞ்சம் வந்து மத்தியஸ்தம் பண்ணி வெக்கறீங்களா?" என்றான். அன்றைக்குத்தான் முதலில் வயிறாரச் சாப்பிட்டேன். கெமிஸ்ட்ரியும் அவன்தான் சொல்லித் தருகிறான். உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். வார்டன் ஜோக் வந்த இடத்தில் கட்டிலில் உருண்டு சிரித்தான். உங்கள் ரெண்டு பேரையும் ஒரு நாள் சேர்த்து உட்கார வைக்கவேண்டும். ஊர் தாங்காது.

நாற்காலியில் சுற்றும்போது மேஜையைப் பிடித்துக்கொள். நான் விழுந்திருக்கிறேன். நீ உட்கார்ந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லையா? நான் உட்கார்ந்தால் "எந்திரிச்சுப் போயிப் படி சாமி, இது உனக்கான எடமில்ல" என்பார்.

கோரிக்கையில் எத்தனை பீஸ், ஒன்றின் எடை என்ன, எந்த ரக இரும்பு, எந்தெந்த முகத்தைக் கடைந்து தரவேண்டும் என்றெல்லாம் போடவேண்டும். மணலில் பதித்து எடுக்கிற மாதிரி இருக்கிறதே, பேட்டர்ன், அதை நாம் கொடுக்கிறோமா அவர்கள் செய்கிறார்களா என்பதையும் விட்டுவிடாதே. அப்பா சொல்லச் சொல்ல அப்படியே அடி. உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

முக்கியமான ஒன்று. கூட்டின் பக்கவாட்டில் 'டி.வி.' என்று என் பேரின் இங்கிலீஷ் சுருக்கம் புடைத்து நிற்க வேண்டும். நான் ஆறாவது படிக்கும்போதே அப்பா சொன்னது. சொந்த மெஷின் பண்ணினால் உன் பேர்தான் இரும்பில் வரும் என்றார். அதையும் மறக்காமல் எழுது.

ரெண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும்தான் இங்கே பார்க்க விடுவார்கள். இந்த ரெண்டாம் ஞாயிறு வர முடியாது, மெஷின் வேலை என்று அப்பா சொல்லிவிட்டார். பரவாயில்லை.

அப்பா உன்னிடம் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அன்புடன்,
தமிழ்


கரும்புக்கடை,
கோயமுத்தூர்.
13.7.2025, ஞாயிறு

வேந்தே,

என் கடிதத்தை ஆல்வினுக்குப் படித்துக் காட்டினாயாம். நல்லது. நான் உனக்கு என்று நினைத்து எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது. அடுத்த தடவை நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிடு. வார்டன், ஆல்வின், ஆல்வின் வீட்டுத் தறி எல்லாம் வரிசையில் நின்று படிக்கட்டும்.

நான் இங்கே சௌக்கியத்துக்கு மேல் சௌக்கியம். மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில்தான். செவ்வந்தி அத்தை, "நீ வந்து போறதாலதான் கண்ணு ஊடு ஊடாட்ட இருக்குது" என்கிறார்கள். ஓரம் நசுங்கிய உன் தட்டு இருக்கிறதே, அதில்தான் எனக்குப் போடுகிறார்கள். உன் அம்மா வைக்கிற பருப்புக்கு மத்தியஸ்தம் எல்லாம் தேவைப்படுவதில்லை. தானாக இறங்குகிறது.

உங்கப்பா உன்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்க்கிறேன். மெஷின் பேச்சிலேயே நேரம் போய்விடுகிறது, என்ன செய்ய.

கோரிக்கை நேற்றுப் போய்விட்டது. முழுக்க முழுக்க நான். உங்கப்பா பக்கத்தில் நின்று டீ குடித்ததோடு சரி. நாற்பது பீஸ், எடை, இரும்பின் ரகம், கடையவேண்டிய முகம், எல்லாம் என் விரலில் இருந்து கொட்டியது. கடைசியில் 'டிராஃப்ட்' என்று ஒரு கட்டம் இருந்தது. பாவம், கண்டவர்களும் அரைகுறை நகலை அனுப்பி அவர்களைப் படுத்துவார்கள் போலிருக்கிறது. நான் யார்? "நோ டிராஃப்ட். திஸ் இஸ் ஃபைனல்" என்று அடித்துவிட்டேன். அங்கே படித்தவன் எழுந்து நின்றிருப்பான்.

அப்புறம் அந்த எழுத்து. பேரிங் என்று இருந்தால் அதில் ஒரு பேர் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் டி.வி. என்று போட்டால் வாங்குகிறவன் தேங்காய் மெஷினுக்கு ரிமோட் எங்கே என்று கேட்பான் என்றேன். உங்கப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்ப உன் பேரையே போட்டுருவோம் சாஜித்து. கூட நின்னு செஞ்சது நீதானே" என்றுவிட்டார். எஸ்.ஜே. கேட்கவே கம்பீரமாக இல்லை? இரும்பில் ஒரு தடவை வந்துவிட்டால் அழிக்க முடியாதாம்.

ஆல்வினுக்கு என் சலாம். இதையும் மறக்காமல் படித்துக் காட்டு.

எஸ்.ஜே.


விடுதி,
நாமக்கல்.
20.7.2025

மதிப்பிற்குரிய சாஜித் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஆல்வினுக்குப் படித்துக் காட்டவில்லை.

இன்று ஞாயிறு என்பதால் விடுதி போனில் அப்பாவோடு பேசினேன். ஃபவுண்டரியில் இருந்து கொட்டேஷன் வந்துவிட்டதாம். அப்பா மனசில் போட்டு வைத்திருந்ததைப் போல ரெண்டு மடங்கு. "சின்ன ஆளுன்னா அப்படித்தான் சாமி சொல்லுவாங்க. வராதேன்னு சொல்றதுக்குப் பதிலா ரேட்ட ஏத்திச் சொல்றாங்க. நமக்கெதுக்கு சொந்த மெஷினு?" என்றார். அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எழுத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ரேட் ஏன் ஏறியது என்று அப்பாவுக்குத் தெரியாது. தங்கள் கடிதத்தைப் படித்ததால் எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

ஃபவுண்டரியில் டிராஃப்ட் என்றால் நகல் இல்லை. சாய்வு. ஈர மணலில் டம்ளரை அழுத்தி மேலே உருவினால் குழி அப்படியே நிற்கும், ஏனென்றால் டம்ளர் அடியில் குறுகியிருக்கிறது. அடியும் வாயும் ஒரே அளவான டப்பாவை அழுத்தி உருவினால் மணலும் கூடவே உதிரும். பேட்டர்னை மணலில் இருந்து சேதமில்லாமல் எடுக்கப் பக்கங்களில் வைக்கிற அந்தச் சின்னச் சாய்வுதான் டிராஃப்ட். தாங்கள் 'நோ டிராஃப்ட், ஃபைனல்' என்று எழுதினால், எல்லாப் பக்கமும் நேர்க்குத்தாக நிற்கவேண்டும், மாற்றவே மாட்டோம் என்று அர்த்தம். அப்படி வார்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக மணல் கட்டி வைக்க வேண்டும், பிறகு கடையவும் வேண்டும். ரேட் ஏறாமல் என்ன செய்யும்?

படித்தவர் எழுந்து நின்றுதான் இருப்பார். உட்கார்ந்தபடி அவ்வளவு சிரிக்க முடியாது.

நான் இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது? அங்கே என் தட்டு போய்விட்டது, பேர் போய்விட்டது, அப்பாவுக்கு மெஷினும் போகப்போகிறது. நாலாம் ஞாயிறு அப்பா வரும்போது நான் பெட்டியோடு கேட்டில் நிற்பேன். ஊருக்கு வந்து ஒர்க்ஷாப்பில் நானே நின்றுகொள்கிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. ஆல்வின் என்னோடு பேசாமல் இருக்கிறான். அதுவும் பரவாயில்லை.

தாங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
க. தமிழ்வேந்தன்


கரும்புக்கடை,
கோயமுத்தூர்.
26.7.2025, சனி

டேய் தமிழு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை. நாளைக்கு உங்கப்பா கொண்டுவரும் பையில் முறுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு பொட்டலம். போஸ்டில் வராததால் வார்டன் சாருக்கு வணக்கம் இல்லை.

நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 'தாங்கள்' போட்டுவிட்டாய். எங்கத்தா எட்டிப் பார்த்து, "மதிப்பிற்குரியவா? உன்னையா? எந்தக் கோர்ட்டுல கூப்புடறாங்க?" என்று பயந்துவிட்டார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நேற்று ஜும்மா முடிந்த கையோடு உங்கப்பாகிட்டப் போய் டிராஃப்ட் கதையைச் சொல்லிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் லோடு எறக்கப் போன நேரத்துல அந்த ஒரு கட்டத்த எதுக்கு கண்ணு நீயா ரொப்புன?" என்றார். அவ்வளவுதான். இன்னொரு கொட்டு வைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உங்கப்பாவின் எக்ஸ்.எல். வண்டியில் ரெண்டு பேரும் அரசூர் போனோம். ஃபவுண்டரியில் ரேட் போடுவது பிரத்யுஷா என்று ஒரு அக்கா. அந்த ஃபாரத்தை எடுத்ததும் அவங்க முகம் ஒரு மாதிரி ஆனது.

"நோ டிராஃப்ட், ஃபைனல்னு அடிச்சது நீங்களாங்க? நாங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். பார்ட்டி ரொம்பக் கறார்னு நெனச்சு ஃபோன் பண்ணிக் கேக்கவே யாருக்கும் தைரியம் வரல."

"கறார் எல்லாம் இல்லைங்க அக்கா, தகராறுதான்" என்றேன். உங்கப்பா என் காலை மிதித்தார்.

அந்தக் கட்டத்தில் சாய்வு எவ்வளவு என்று உங்கப்பா சொன்னார், அக்கா போட்டாங்க, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். புது ரேட் அங்கேயே வந்தது. உங்கப்பா நினைத்ததற்கு ஒரு முடி மேலே, அவ்வளவுதான். வெளியே வந்து வண்டியை உதைக்கப் போனவர் என் பக்கம் திரும்பினார். "நம்மள சின்ன ஆளுன்னு அவங்க நெனைக்கல பாரு. நாமதான் நெனச்சுட்டோம்" என்றார். மெஷின் வருகிறது தமிழு.

இப்போது மிச்சம் இருக்கிற பொய்யை எல்லாம் எண்ணாமல் இறக்கி வைக்கிறேன்.

கோரிக்கையில் ஒவ்வொரு எழுத்தும் உங்கப்பா சொல்லி நான் அடித்தது. நானாக எழுதியது அந்த ஒரே கட்டம். உன் தட்டைக் கேட்டுப் பார்த்தேன். "அது அவன் வந்தா சாப்புடட்டும்" என்று அத்தை எனக்குச் சட்டி மூடியில் போட்டாங்க. நாற்காலியில் சுற்றியது நிஜம். ரெண்டாவது சுற்றுக்குள் இறக்கிவிட்டார். ரிமோட் ஜோக்கையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எஸ்.ஜே. என்று எந்தப் பேச்சும் எழவில்லை. டி.வி.தான். எழுத்து எவ்வளவு உயரம், எவ்வளவு புடைப்பு என்று அவரே ஸ்கேல் வைத்து, அழித்து அழித்து வரைந்தார். மொத்தப் படத்திலும் அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

உன்னைப் பற்றிக் கேட்பதில்லை என்றேனே, அதுதான் பெரிய பொய். கேட்காத நாளில்லை. "தமிழு லெட்டர் போட்டானா? என்ன எழுதிருக்கான்? படி கேக்கறேன்" என்பார். நானும் படிப்பேன். ஆமாம், நீ ஆல்வினுக்குப் படித்தாய் என்று குதித்த அதே நான், உன் கடிதங்களை உங்கப்பாவுக்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆல்வின் வருகிற இடத்தை எல்லாம் தாண்டிவிட்டுப் படிப்பேன். அதனால் உனக்கு அங்கே ஒரு சிநேகிதன் கூட இல்லை என்று நினைத்து அந்த மனுசன் ரெண்டு மாசமாக வாடிப்போயிருக்கிறார்.

நேற்று ஒன்று விடாமல் படித்துவிட்டேன். சாம்பார்த் தகராறைக் கேட்டு அப்படிச் சிரித்தார். "அந்தப் பையனுக்கும் சேத்துச் செய்யி" என்று அத்தையிடம் சொன்னார். பையில் ரெண்டு டப்பா இருக்கும். பெரிய டப்பா ஆல்வினுக்கு. நீ பெட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் உன்னுடையதைத் திறக்கவேண்டும். கெமிஸ்ட்ரியை நான் சொல்லித்தர முடியாது, அது அவனால்தான் ஆகும். இந்தக் கடிதத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டு. இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ரெண்டாம் ஞாயிறு அப்பா வரமாட்டார் என்று எழுதியிருந்தாய் இல்லையா, நான் வந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் காந்திபுரத்தில் பஸ் ஏறி, ஈரோட்டில் மாறி, உங்கள் ஸ்கூல் கேட் வரை வந்துவிட்டேன். வாட்ச்மேன் "என்ன உறவு?" என்று கேட்டார். "தம்பிங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனா தேடும்போது உள்ளே பார்த்தேன். வேப்ப மரத்துக்குக் கீழே பாய் விரித்து யாரோ ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நீ. ஏதோ சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் உன் தலையில் தட்டினான். சத்தமாகப் பேசியதை வைத்து அவன்தான் ஆல்வின் என்று கண்டுபிடித்தேன்.

உனக்குப் புரையேறினால் நான்தானேடா தட்டுவேன்.

"மன்னிச்சுக்கங்க, வேற ஸ்கூலுக்கு வந்துட்டேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுதியதுதான் அந்த எஸ்.ஜே. கடிதம்.

குடிக்காமல் என்பது சரிதான். ஆனால் பசியோடு எழுதினேன் என்று நினைத்துவிடாதே. உனக்கு என்று ஒரு பெட்டி தேங்காய் பன் வாங்கி வந்திருந்தேன். ஈரோடு வருவதற்குள் மொத்தத்தையும் நானே தின்றுவிட்டேன். துக்கத்தில் ஒன்றும் ருசிக்கவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன்.

நல்லாத்தான்டா இருந்துச்சு.

சாஜித்